பதினொரு விநாடி முதுகு

முதலில் என் குறிப்புகளை வாசித்துவிடுகிறேன். வாசிக்காமல் தொடங்கினால் வழி தவறிவிடுவேன்.

1. துஷானி ஆட்டக்களத்தின் ஓரத்தில் நிற்கும் நேரமும் திரையில் தோன்றும் நேரமும்.
2. சென்ற வசந்தத்தில் அவர் நமக்கு முதுகு காட்டிய சம்பவம்.
3. இனி அவர் நிற்காமல் இருக்க வேண்டும் என்ற வேண்டுகோள்.

அவைக்குத் தலைமை தாங்கும் அமிர்தநாதர் அவர்களே, முன்வரிசையை முந்திப் பிடித்த மூத்தோரே, எல்லோருடைய குளிர்கோட்டுகளையும் மடியில் சுமந்திருக்கும் தாய்மாரே, கொட்டும் பனியில் அஜக்ஸிலிருந்து ஸ்காபரோ வந்த அன்பர்களே, இன்று நாம் பாராட்டக் கூடியிருக்கும், எங்கள் கட்டடத்தின் பதினாறாம் மாடி தந்த தொலைக்காட்சிச் செய்தியாளர் துஷானி அவர்களே, அவரைப் பெற்ற மங்கையற்கரசி அவர்களே, வணக்கம்.

முதலாவது. ஐஸ் ஹொக்கி ஆட்டம் இரண்டரை மணி நேரம். முழு நேரமும் துஷானி கண்ணாடித் தடுப்பருகே நிற்கிறார். திரையில் எவ்வளவு நேரம் வருகிறார்? மணிக்கூட்டை வைத்து அளந்தேன். ஐம்பத்திரண்டு விநாடி!

"அண்ணை, உங்களுக்கு வேறை வேலை இல்லையோ?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். இல்லை தம்பி, ஓய்வு பெற்றுப் பன்னிரண்டு வருடம்.

இந்த ஐம்பத்திரண்டு விநாடிக்காகவா சின்னஞ்சிறு ஊர்களின் சில்லிட்ட அரங்குகளில் பத்து வருடம் நின்றார்? கேள்வி கேட்கும் கலையை அவருக்குக் கற்பித்தது எந்தக் கல்லூரி? எங்கள் கட்டடத்து லிப்ற் அல்லவா! "எங்கை போறியள்? ஆரோடை போறியள்? எத்தினை மணிக்கு வருவியள்?" பதினாறாம் மாடி வருவதற்குள் ஒரு மனிதனின் முழுச் சரித்திரமும் வெளியே வந்துவிடும்.

இரண்டாவது. இறுதியாட்டம். கடைசி நிமிடத்தில் கோல் விட்டுத் தோற்ற கோல்காப்பாளர் பேட்டிக்கு வந்தார். நம் துஷானி என்ன செய்தார்? கமராவுக்கு முதுகைக் காட்டி நின்றார். பதினொரு விநாடி! திரை நிறைய முதுகு. மறுநாள் நம் தலைவர் சொன்னது: "உடுப்பின்ரை தையல் திறம்." நான் குறிப்பேட்டில் எழுதியது: "கமரா எங்கே என்று ஏன் மறந்தார்?"

மூன்றாவது. துஷானிக்குக் கலையகத்தில் அமர்ந்து பேசும் கதிரை கிடைத்திருக்கிறது. சூடான அறை, நீண்ட மேசை, நிறைந்த நேரம். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். நேற்று லிப்றில் மங்கையற்கரசி சொன்னார்: "அண்ணை, நிண்டு நிண்டு பிள்ளைக்குக் கால் வீங்குது. நான் சொன்னாக் கேக்கமாட்டாள். நீங்கள் மேடையில சொல்லுங்கோ. நாலு பேருக்கு முன்னால மறுக்கமாட்டாள்." இதை வெளியே சொல்ல வேண்டாம் என்றும் சொன்னார். மேடைப் பயத்தில் சொல்லிவிட்டேன்.

ஆகவே இருங்கள் துஷானி! கதிரையில் இருந்தால் முதுகும் தெரியாது!

கை தட்டாதீர்கள், துஷானி எழும்புகிறார்.

"அங்கிள், நான் கமராவை மறக்கேல்லை. அந்தக் கோல்காப்பாளர் அழுதுகொண்டு நிண்டவர். அவரின்ரை அம்மாவும் வீட்டில பாத்துக்கொண்டு இருப்பா எல்லோ. அழுது முடியட்டும் எண்டு மறைச்சுக்கொண்டு நிண்டனான். அதுக்கு நல்லாப் பேச்சும் வாங்கினனான்."

அவையோரே, ஐம்பத்திரண்டு விநாடியை அளந்தேன். பதினொரு விநாடியை அளந்தேன். அந்த முதுகுக்குப் பின்னால் யார் நின்றார் என்று ஒரு விநாடியாவது யோசித்தேனா? சூடான அறையில் இருந்தபடி ஒருவரின் கண்ணீருக்குக் குறுக்கே நிற்க முடியுமா? மேசைக்குப் பின்னால் இருந்தபடி முன்பின் தெரியாத ஒரு தாயின் மனம் நோகாமல் காக்க முடியுமா? அதற்கு அருகில் நிற்க வேண்டும். ஆறுதலாக நிற்க வேண்டும். அடுத்தவருக்காக நிற்க வேண்டும்!

மங்கையற்கரசி கை காட்டுகிறார். சொல்லுங்கோ.

"சரி அண்ணை, நிக்கட்டும். ஆனா காலுக்குத் தடிச்ச சப்பாத்துப் போடச் சொல்லுங்கோ."

துஷானி, கேட்டதுதானே.

இருந்து கேட்டவர்களுக்கு என் நன்றி. கதிரை கிடைக்காமல் நின்று கேட்ட பின்வரிசைக்கு இருமடங்கு நன்றி. எல்லோருக்கும் வணக்கம். இறங்குமுன் குறிப்பில் ஒரு திருத்தம்: மூன்றாவது பிழை.