ஓரத்துப் பூக்கள்

தோட்டத்தின் ஓரமெல்லாம் ஏன் மொட்டையாகக் கிடக்கிறது என்று கேட்டீர்கள். விசாரிக்க வந்தவர்களில் நீங்கள்தான் அதைக் கவனித்திருக்கிறீர்கள். அந்த நாற்காலியிலேயே உட்காருங்கள். என் தங்கையுடையதுதான். அங்கிருந்து பார்த்தால்தான் நான் செய்தது உங்களுக்குப் புரியும்.

முன்பு சுவர் நெடுக ரோஜா இருந்தது. வாசல் பக்கம் பெட்டூனியா, குழாயடியில் டாலியா. குளிர் விட்டு முதல் மொட்டு வந்தால் போதும், பல்கூடத் தேய்க்காமல் ஓடிவருவாள். துணி ஆலைக்குப் பூ டிசைன் வரைவது அவள் வேலை. "நம்ம தோட்டத்தத்தான் ஊரே உடுத்திக்கிட்டுத் திரியுதுக்கா" என்று சிரிப்பாள். நான் வீட்டிலேயே துணி தைப்பவள். அம்மாவும் அப்பாவும் போன பிறகு எனக்கு எல்லாமே அவள்தான்.

அப்பாவுக்கு இருந்த கண் நோய் அவளுக்கும் வந்தது. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, வலியே இல்லாமல், பார்வையை ஓரத்திலிருந்து தின்றுகொண்டு வரும் நோய். தினமும் சொட்டு மருந்து விட்டால் பயமில்லை என்றார் டாக்டர். அவளாக விட்டால் பாதி கன்னத்தில் வழியும். என்னுடையது ஊசியில் நூல் கோக்கும் கை. அதனால் நானே விட்டேன். இந்த நாற்காலியில் சாய்ந்துகொண்டு "எரியுதுக்கா" என்று காலை உதைப்பாள். நான் விசிறிவிடுவேன். நாளிலேயே எனக்குப் பிடித்த நேரம் அது.

பிறகு எங்கோ தூரத்து ஊரில், பெரிய ஆலையில் அவளுக்கு வேலை கிடைத்தது.

"வருஷா வருஷம் பூ பூக்கறப்ப கரெக்டா வந்து நிப்பேன், பாருக்கா" என்றாள்.

விருந்தாளி மாதிரி. அவள் பெட்டியைக்கூட நானே அடுக்க ஆரம்பித்தேன். அப்போதுதான் அப்பா ஞாபகம் வந்தது. பார்வை இருந்தவரை அவர் வீடு தங்கியதில்லை. பார்வை போன பிறகு அவரைப் போலச் சாதுவான மனிதர் கிடையாது. நாங்கள் நாலு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டது அந்த வருடங்களில்தான்.

மருந்துக் குப்பியைக் கழுவி, கொதித்து ஆறிய தண்ணீரை ஊற்றி வைத்தேன். கண்ணில் கிருமி போய்விடக் கூடாதல்லவா.

"இப்பல்லாம் எரியவே இல்லக்கா."

"கண்ணு பழகிடுச்சுடி."

நம்பினாள். என்னை நம்பாமல் வேறு யாரை நம்புவாள். இந்தப் பூக்காலம் முடிந்து போ என்றேன், அதற்கும் சரியென்றாள். டாக்டர்தான் பாவம், மருந்தை மாற்றி மாற்றிக் கொடுத்தார். எல்லாக் குப்பியையும் கழுவினேன்.

அந்த வசந்தத்திலேயே சுவரோரத்து ரோஜா தெரியாமல் அதன் மேல் போய் மோதிக்கொண்டாள். கையெல்லாம் முள் கிழித்துவிட்டது. மருந்து போடும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. மறுநாளே அந்த ரோஜாவை வேரோடு எடுத்து நாற்காலிக்கு எதிரே நட்டேன். அடுத்த வசந்தத்தில் பெட்டூனியா. பிறகு டாலியா. அவள் பார்வை சுருங்கச் சுருங்க நானும் பூக்களை நடுவுக்கு நகர்த்திக்கொண்டே வந்தேன். இடம் மாற்றிய செடியைப் பிழைக்க வைப்பது லேசுப்பட்ட வேலையில்லை. "நல்லவேளைக்கா, இதுங்களாச்சும் தெரியுது" என்பாள். தங்கையை நான் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டதைத் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

கடைசியில் நடுவும் போயிற்று. வெளிச்சம் எது, இருட்டு எது என்பது மட்டும் மிச்சம். அந்த மிச்சத்துக்காக மருந்து தொடர்ந்தது. நான் பூக்களின் நிறத்தைச் சொல்லுவேன், அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். வேலையைப் பற்றி அதன் பிறகு பேச்சே எடுக்கவில்லை.

போன வாரம் தைத்த துணிகளைக் கொடுத்துவர வெளியே போயிருந்தேன். மருந்துக்கடைக்காரர் புதுக் குப்பியை அவள் கையிலேயே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். எனக்கு ஒரு வேலை குறையட்டும் என்று அவளே விட்டுக்கொண்டிருக்கிறாள். நான் திரும்பியபோது இங்கேதான் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, இன்னிக்கு எரிஞ்சுது" என்றாள்.

கத்தவில்லை. அழவும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பக்கத்து வீட்டம்மாவைக் கூப்பிட்டாள். நான் நீட்டிய கையை விட்டுவிட்டு, சுவரைத் தடவிக்கொண்டே வாசலுக்குப் போனாள். ரோஜா இருந்த இடத்தில் அவள் கை சற்று நின்றது.

ஆமாம், என் தங்கையின் பார்வையைப் பறித்தது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்று மட்டும் அவளிடம் சொல்லிவிடுங்கள். இன்று காலை டாலியா விரிந்திருக்கிறது. நல்ல சிவப்பு, இதழ் நுனியில் மட்டும் வெள்ளை. நான் சொன்னேன் என்றே சொல்லுங்கள், நம்புவாள். நிறம் விஷயத்தில் நான் அவளிடம் ஒரு நாளும் பொய் சொன்னதில்லை.