எலக்ட்ரானுக்கு ஒரு மொட்டை

திருத்தணி மலைமேல் மொட்டை போடும் மண்டபத்தில் சீட்டோடு காத்திருந்தேன். சட்டைப்பையில் என் ஸ்கேன் ரிப்போர்ட். நான் தைரியசாலி என்பதால் பத்து நாளாக உறையைப் பிரிக்கவில்லை. எனக்கு முன்னால் ஆராய்ச்சி படிக்கும் ஒரு பெண், பக்கத்தில் அவள் அக்கா புருஷன்.

“உங்கக்கா புள்ளைங்களுக்காக மொட்டை போட்டா. நீ எலக்ட்ரானுக்குப் போடற,” என்றார் அவர்.

“கம்ப்யூட்டர்ல கணக்கு முடியவே இல்ல பாவா. முடிஞ்சா மொட்டை போடறேன்னு வேண்டிக்கினேன்.”

“முடிஞ்சிச்சா?”

“ஆங். முன்ன, ஒவ்வொரு எலக்ட்ரானும் மத்ததுங்கள ஒரே கும்பலா பாக்குதுன்னு வச்சிக் கணக்குப் போட்டேன். இந்த வாட்டி ஒண்ணப் பாத்து ஒண்ணு ஒதுங்கறதையும் சேத்தேன்.”

“சேத்தா?”

“நிலையா நிக்கும்னு அஞ்சு வருசமா நான் எழுதிக்கினு இருந்த மூலக்கூறு நிக்கல பாவா. உடனே ஒடையுது. தீசிஸ்ல பாதி பொய்யி.”

“பழசையே குடுத்துடேன். யாருக்குத் தெரியப்போவுது?”

“எனக்குத் தெரியுமே.”

“அப்ப மொட்டை எதுக்கும்மா? முருகன்தான் உன்னக் கவுத்துட்டானே.”

“பதில் நல்லபடியா வரணும்னு நான் கேக்கல பாவா. கணக்கு முடியணும்னுதான் கேட்டேன். அவன் குடுத்துட்டான்.”

அவள் சீட்டு எண்ணைக் கூப்பிட்டார்கள். பின்னலை அவிழ்த்துக்கொண்டே போய், கத்திக்கு முன்னால் தலையைக் குனிந்து உட்கார்ந்தாள்.

நான் சட்டைப்பையில் இருந்த பிரிக்காத உறையைத் தொட்டுப் பார்த்தேன். நான் வேண்டிக்கொண்டது, ‘ரிப்போர்ட் சீக்கிரம் வரணும் முருகா’ என்று மட்டும்தான்.