இடக்கால் மேசு

மார்கிரட்: உது என்ன பரா… காலுக்குப் போடுற மேசோ, கண்டுக்குட்டிக்குக் கட்டுற வாய்க்கூடோ?

பராசக்தி: மேசுதான். பகிடி பண்ணாதை.

மார்கிரட்: பகிடியில்லை. உதைப் போடப்போற சிப்பாயை நினைச்சு அழுகிறன். எதிரி அவனைச் சுடத் தேவையில்லை. உதைப் போட்டுக்கொண்டு எழும்பி நிண்டாலே காணும்.

பராசக்தி: அவன் பாலைவனத்திலை சண்டை பிடிக்கிறானாம். ஐயா பேப்பரிலை வாசிச்சவர். அங்கை கம்பளி மேசு என்னத்துக்கு?

மார்கிரட்: கொழும்புத் துரைச்சாணிமார் நூல் அனுப்பினவை, நாங்கள் பின்னுறம். அரியாலை வெயிலுக்கை, வேப்பமரத்துக்குக் கீழை பாய் போட்டிருந்து கம்பளி பின்னுற எங்களிலும் பாக்க அவன் சுகமாய்த்தான் இருப்பான்.

பராசக்தி: சரி, விடு. நான் என்ரை இடக்கையாலையே…

மார்கிரட்: வேண்டாம்! அந்தக் கை சும்மா ஊசியைத் தாங்கட்டும்.

பராசக்தி: இப்ப ஆரும் இல்லையே.

மார்கிரட்: வரப்போறா எல்லே. அவா வந்திருக்கேக்கை பழக்கதோசத்திலை கை மாறினால்? சோத்துக்கையாலை நூலைச் சுத்து. இழுக்காதை… தேர் வடமில்லை உது.

பராசக்தி: பள்ளிக்கூடத்திலை எழுதிற கையை அடிச்சு அடிச்சு மாத்திச்சினம். பின்னுற கையை ஆரும் கவனிக்கேல்லை. இப்ப ஒரு பின்னேரத்துக்குள்ளை மாத்து எண்டால்…

மார்கிரட்: அந்த ஒரு பின்னேரத்துக்கு மட்டும்தான் கேக்கிறன். ஞானாம்பிகை அக்கா பஸ் ஏறினாப்பிறகு நீ காலாலை வேணுமெண்டாலும் பின்னு.

பராசக்தி: அவா பின்னல் பழகத்தான் வாறன் எண்டு சொல்லியனுப்பினவா.

மார்கிரட்: ஓமோம். உடுப்பிட்டியிலையிருந்து பஸ் மாறி மாறி, முன்னப்பின்னை தெரியாத ரெண்டு ரீச்சர்மாரிட்டைக் கம்பளி பின்னப் பழக வாறா. தம்பிக்குப் பேசின பொம்பிளையைப் பாக்க வரேல்லை. தரகர் நமசிவாயம் வந்து உன்ரை ஐயாவின்ரை காதுக்கை சொல்லாட்டி நாங்களும் நம்பியிருப்பம்.

பராசக்தி: வீட்டுக்கு வந்து பாத்திருக்கலாம்.

மார்கிரட்: வீட்டிலை சீலை உடுத்திப் பூ வைச்சுச் சிலை மாதிரி நிப்பாட்டுவினம். சிலை சமைக்குமோ, தைக்குமோ எண்டு எப்பிடித் தெரியும்? வேலை செய்யிற கையைப் பாக்க வாறா. கெட்டிக்காரி.

பராசக்தி: கையைப் பாக்க வாறா எண்டுதான் எனக்குப் பயம். கொக்குவில் ஆக்கள் வந்தநேரம்…

மார்கிரட்: தெரியும். தேத்தண்ணியை இடக்கையாலை நீட்டினனி. ஒரு வாய் குடிக்காமல் எழும்பிப் போச்சினம். நல்ல தேத்தண்ணியும் வீண்.

பராசக்தி: அதுக்குப்பிறகு ஐயா என்னோடை முகம் பாத்துக் கதைக்கிறேல்லை. இதுவும் குழம்பினால் எனக்கு வேறை பேச்சுக்கால் பாக்கமாட்டாராம். தங்கச்சிக்குப் பாக்கப்போறாராம்.

மார்கிரட்: அதுக்கோ இந்தப் பயம்? இல்லாட்டி ரயிலிலை கண்ட முகத்துக்கோ?

பராசக்தி: …ரெண்டுக்கும்.

மார்கிரட்: அட! ஊமை வாய் திறந்திட்டுது.

பராசக்தி: குடையை ஸ்ரேசனிலை விட்டிட்டு ஏறிட்டன். ஓடிவந்து யன்னலுக்காலை தந்தவர். “அடுத்தமுறை குடையை ஏத்திப்போட்டு நீங்கள் நில்லுங்கோ” எண்டார். பிறகு ஐயா கொண்டுவந்த படத்தைப் பாத்தால்… அதே ஆள்.

மார்கிரட்: அதுதான் படத்தை நூல் பையுக்கை வைச்சுக்கொண்டு திரியிறாய்.

பராசக்தி: உனக்கு எப்பிடி…

மார்கிரட்: நூல் எடுக்கக் கை விட்டனான். ஆசுப்பத்திரி அப்போதிக்கரி ஒராள் அம்பிட்டார். சரி, நிமிந்து இரு. ஒழுங்கையிலை ஒரு குடை வருது. எங்களோடை பின்னுற கத்தரீனாவையும் சிசிலியாவையும் இண்டைக்கு வரவேண்டாமெண்டு மறிச்சுப்போட்டன். அதுகளின்ரை கை நிண்டாலும் வாய் நிக்காது.

பராசக்தி: உன்ரை வாய்?

மார்கிரட்: என்ரை வாய் உனக்காகத்தான் உழைக்கப்போகுது. சிரி… அவ்வளவு சிரிக்காதை.

ஞானாம்பிகை: பிள்ளையள்… மார்கிரட் ரீச்சர் வீடு இதுதானோ?

மார்கிரட்: ஓம் அக்கா, வாங்கோ. உந்தப் பாயிலை இருங்கோ. உள்ளுக்கை புழுங்குது. இஞ்சை எண்டால் கடல் காத்து.

ஞானாம்பிகை: நான் சும்மா… உந்தக் கயிறு மாதிரி முறுகிற கயிற்றுப் பின்னல் பழகுவமெண்டு…

மார்கிரட்: சும்மாதான் அக்கா. எல்லாரும் சும்மாதான் வாறவை. தேத்தண்ணி ஊத்தட்டோ?

ஞானாம்பிகை: வேண்டாம் பிள்ளை. வரேக்கைதான் குடிச்சனான்.

மார்கிரட்: ஓம். எங்கடை வேதக்கார வீட்டுக்கு வாற சைவக்காரர் எல்லாரும் வரேக்கைதான் குடிச்சிட்டு வாறவை. என்ன தாகமோ தெரியாது.

பராசக்தி: மார்கிரட்!

ஞானாம்பிகை: நீர் உம்மடை பாட்டிலை பின்னும் பிள்ளை. நான் பாத்துக்கொண்டிருக்கிறன்.

பராசக்தி: நான்… கொஞ்சம் ஆறியிருக்கிறன் அக்கா. கை வேர்க்குது.

மார்கிரட்: நீங்கள் பின்னினது ஏதும் கொண்டு வந்தனீங்களோ அக்கா? எடுங்கோ பாப்பம். இஞ்சை வாறவை எல்லாம் காட்டித்தான் போறவை.

ஞானாம்பிகை: இது கழுத்துக்குச் சுத்திறது. தம்பிக்கு. தியத்தலாவையிலை அப்போதிக்கரியாய் இருக்கிறான். சரியான குளிராம்.

மார்கிரட்: உங்களுக்குத் தம்பி ஒராள் இருக்கிறாரோ? தெரியாமல் போச்சே! நல்ல நீளமாய்ப் பின்னியிருக்கிறியள். குளிர் இல்லாத நாளிலை கிணத்திலை தண்ணி அள்ளலாம்.

ஞானாம்பிகை: உமக்கு வாய் கொஞ்சம்…

மார்கிரட்: நீளம்தான் அக்கா. எங்கை நிப்பாட்டிறதெண்டு எனக்கும் தெரியிறேல்லை.

பராசக்தி: அக்கா, வடிவாய்த்தான் இருக்கு. கரை மட்டும் கொஞ்சம் சுருளுது. பொறுங்கோ, உந்த நிறத்திலை நூல் இருக்கு, எடுத்துத் தாறன்…

மார்கிரட்: பையைப் பிரட்டாதை, பரா… அந்தா! விழுந்திட்டார்.

ஞானாம்பிகை: ஆர்?

மார்கிரட்: ஆரோ ஒரு அப்போதிக்கரி. வெய்யிலுக்கை மயக்கம் போலை.

பராசக்தி: ஐயோ… அக்கா, அது… ஐயா தந்து…

ஞானாம்பிகை: இதைக் கொண்டு திரியிறீரோ பிள்ளை? அது… அந்த ஸ்ரூடியோக்காரன் படத்தை இடம்வலமாய்ப் பிரட்டி அடிச்சுப்போட்டான். மணிக்கூடு வலக்கையிலை கிடக்கிற மாதிரித் தெரியும். அதைப் பெரிசாய் எடுக்காதையும்.

மார்கிரட்: மணிக்கூட்டை ஆர் அக்கா பாத்தது? இவள் முகத்தைப் பாத்து இன்னும் முடியேல்லை.

ஞானாம்பிகை: சரி, படம் உங்கை கிடக்கட்டும். உந்தப் பெட்டிக்கை கிடக்கிறது முடிஞ்ச மேசோ? காட்டும் பாப்பம்… ஓ, நல்ல வடிவு. ஆனால் ஒண்டிலை கயிறு இந்தப் பக்கம் முறுகுது. மற்றதிலை அந்தப் பக்கம்.

மார்கிரட்: இடக்கால், வலக்கால் அக்கா. புது மோஸ்தர். கொழும்பிலை நல்லாய் மெச்சினவை.

ஞானாம்பிகை: சோடியாய் வைச்சுப் பாக்க நல்லாய்த்தான் இருக்கு. ரெண்டையும் ஆர் பின்னினது?

மார்கிரட்: நான்.

பராசக்தி: நான்.

மார்கிரட்: …நாங்கள். ஆளுக்கு ஒண்டு.

ஞானாம்பிகை: இதிலை பராசக்தியின்ரை எது?

மார்கிரட்: நாங்கள் இன்னும் பேர் சொல்லேல்லையே அக்கா! பரா எண்டுதானே கூப்பிட்டனான்.

ஞானாம்பிகை: ஒழுங்கையிலை விசாரிச்சனான்.

மார்கிரட்: எங்கடை ஒழுங்கையிலை நல்ல விபரமான ஆக்கள். அவளின்ரை வலக்கால் மேசு. இடக்கால் மேசு என்ரை.

ஞானாம்பிகை: அப்ப, மார்கிரட், உந்த இடக்கால் பின்னலை ஒருக்கால் பின்னிக் காட்டுமன். அதைத்தான் பழக வந்தனான்.

மார்கிரட்: இப்பவோ? …ஓம், ஏன் பின்னாமல்? இந்தா… இப்பிடி எடுத்து… இப்பிடிப் பின்னாலை விட்டு…

ஞானாம்பிகை: இது வலப்பக்கம் எல்லே முறுகுது.

மார்கிரட்: வெய்யிலுக்கை எனக்குத் தலை சுத்துது அக்கா. நூலுக்கும் சுத்துது.

ஞானாம்பிகை: நிழலுக்கை இருக்கிறீர். சரி, பராசக்தி, நீர் பின்னும். உம்மடை வலக்கால் மேசு மாதிரி.

பராசக்தி: …சரி அக்கா.

ஞானாம்பிகை: என்ன பிள்ளை, கண்ணி எல்லாம் கழண்டு போகுது.

மார்கிரட்: அவள் வெக்கப்படுறவள் அக்கா. ஆரும் பாத்தால் சாப்பிடக்கூட மாட்டாள்.

ஞானாம்பிகை: உந்த மேசைப் பின்னின கை இந்தக் கை இல்லை.

மார்கிரட்: என்ன அக்கா கதைக்கிறியள்? அவளுக்கு இருக்கிறது ரெண்டே ரெண்டு கைதான், அதிலை…

பராசக்தி: மார்கிரட், காணும்.

மார்கிரட்: நீ சும்மா இரு. நான் கதைக்கிறன்.

பராசக்தி: நீ கதைச்சது காணும். அக்கா… இடக்கால் மேசுதான் நான் பின்னினது. இஞ்சை பாருங்கோ. இப்பிடித்தான் பின்னுறனான். இந்தக் கையாலை. சோறு இந்தக் கையாலை தின்னமாட்டன். பலகையிலை எழுதிறதும் வலக்கை. ஆனால் பரிமாறேக்கை, ஏதும் நீட்டேக்கை, மறந்துபோய் இது முந்திப்போடும். எவ்வளவு கவனமாய் இருந்தாலும் ஒருநாள் முந்திப்போடும். அதைக் கலியாணத்துக்குப்பிறகு கண்டுபிடிக்கிறதிலும் பாக்க இப்ப தெரியிறது நல்லது.

மார்கிரட்: என்ரை உழைப்பெல்லாம் போச்சு.

பராசக்தி: படத்தை நீங்களே கொண்டுபோங்கோ அக்கா. ஐயாவுக்கு உண்மைக் காரணத்தைச் சொல்லவேண்டாம். சாதகம் பொருந்தேல்லை எண்டு சொல்லுங்கோ.

ஞானாம்பிகை: உங்கடை ஐயா தரகர் வீட்டிலை வைச்சுச் சொன்னவரே, தங்கடை பரம்பரையிலை இடக்கையே இல்லை எண்டு.

பராசக்தி: பயத்திலை சொன்னவர்.

ஞானாம்பிகை: பயத்திலை கத்தின மாதிரித் தெரியேல்லை. தெருவுக்கும் கேட்டிருக்கும்.

மார்கிரட்: மனிசருக்குப் பயம் கூடினால் சத்தமும் கூடும் அக்கா.

ஞானாம்பிகை: …அந்தத் தேத்தண்ணி இன்னும் இருக்கோ?

மார்கிரட்: வரேக்கைதான் குடிச்சனீங்கள்!

ஞானாம்பிகை: இப்ப தொண்டை வறண்டு போச்சு. பராசக்தி, நீ ஊத்து பிள்ளை. …என்னத்துக்குக் கையை மாத்திறாய்? முந்தின கையாலையே தா.

பராசக்தி: அக்கா… இந்தாங்கோ.

மார்கிரட்: வேதக்கார வீட்டுத் தேத்தண்ணி, இடக்கையாலை. அக்கா, உடுப்பிட்டியிலை உங்களைப் படலைக்குள்ளை விடுவினமோ?

ஞானாம்பிகை: சீனி காணாது. மற்றும்படி நல்ல தேத்தண்ணி.

பராசக்தி: உங்களுக்குக் கோவமில்லையோ?

ஞானாம்பிகை: அந்தப் படத்தைத் தா. பையுக்கை போட்டுக் கசக்காமல்…

பராசக்தி: பொறுங்கோ… பொறுங்கோ அக்கா. படம் பிரண்டுபோச்சு எண்டுதானே சொன்னியள்?

ஞானாம்பிகை: ஓம்… ஸ்ரூடியோக்காரன்…

பராசக்தி: கோட்டுப் பை நெஞ்சுக்கு இடப்பக்கம்தான் இருக்கு. எல்லாக் கோட்டிலையும் இருக்கிற பக்கம். படம் பிரண்டால் பையும் எல்லே பிரள வேணும்? மணிக்கூடு மட்டும் தனியாய்ப் பிரளாதே.

மார்கிரட்: என்ன? தா, தா பாப்பம்… உண்ணாணைப் பரா! வலக்கையிலை மணிக்கூடு கட்டிறவர்… அப்ப, வேலை செய்யிற கை…

ஞானாம்பிகை: உஸ்… மெல்லக் கதை, ஒழுங்கையிலை விபரமான ஆக்கள் எண்டு நீதானே சொன்னனி. ஓம், அவன் சின்னனிலை கண்டுக்குட்டிக்குத் திரிச்ச கயிறும் உந்த மேசு மாதிரித்தான் எதிர்ப்பக்கம் முறுகும். கண்ட உடனை எனக்கு விளங்கிப்போச்சு. லீவிலை வந்து நிண்டு, தாலி முடிச்சைச் சோத்துக்கையாலை போடப் பழகுறான்… கதிரைக் காலிலை கட்டிக் கட்டிப் பாக்கிறம், ஒருக்காலும் இறுகேல்லை. பிள்ளை, உன்னைக் கும்பிட்டுக் கேக்கிறன், உன்ரை ஐயாவுக்கு மட்டும் இதைச் சொல்லிப்போடாதை… இடக்கைக்காரனுக்குத் தன்ரை பிள்ளையைக் குடுக்கவே மாட்டன் எண்டும் மனிசன் அண்டைக்குக் கத்தினவர்.