புளிக் கிடங்கில் ஒரு கப்பல்

— மூச்சு விடு பாக்கலாம், வாணி. வாயத் தொறந்து நல்லா விடு. ஆங்... பொகை வருதா?

— வருதுங்க! ஏங்க, எனக்கும் வருதுங்க!

— வராம? மீட்டரு நாலு டிகிரி காட்டுது. உன் அன்டார்டிகாவுல இதவிடக் கொஞ்சம் எச்சா இருக்கும், அவ்வளவுதான். முப்பது வருசமா இந்தப் புளி குடோனுக்குக் குளுரு மிசினு ஓட்டறேன், எனக்கா தெரியாது?

— அங்க ஜீரோவுக்குக் கீழங்க. காத்து வேற அடிக்கும். கேட்டுக்கங்க, அதுக்குத்தான் மூணு அடுக்கு. உள்பனியன், கம்பளி, அதுக்கு மேல இந்தக் கோட்டு.

— கோட்டப் பாரு, கை எங்க போச்சுன்னே தெரியல. விரல் நுனிகூட வெளிய வரல. கடைக்காரன் உன்ன நல்லா ஏமாத்திட்டான் டீச்சரே.

— மடிச்சு விட்டுக்கலாம். நீங்க லிஸ்ட்டப் படிங்க. அஞ்சாவது என்ன?

— கையுறை ரெண்டு ஜோடி. இருக்குது. ஆறு, தண்ணி எறங்காத பேண்ட்டு. இருக்குது. வாந்தி மாத்திரையும் வச்சிருக்கேன், கப்பல் ஆடும்ல? ஏழு... இது இங்கிலீசுல நீட்டமா எழுதியிருக்கான், நீயே படிச்சுக்க.

— படிக்கலாம். மொதல்ல அந்த மூட்டை மேல செத்த உக்காருவோம். புளி வாசம் ஏறுதுங்க கோட்டுல.

— ஏறட்டும். பென்குயினுக்கெல்லாம் எச்சி ஊறட்டும்.

— சிரிக்க வைக்காதீங்க. கல்யாணமான புதுசுல ஊட்டிக்குக் கூட்டிட்டுப் போறேன்னு பஸ்சு ஏத்தி, இங்கதான கொண்டாந்து எறக்குனீங்க?

— மொதலாளி லீவு குடுக்கல. நான் என்ன பண்ணட்டும்? குளுர ஒண்டியாவது காட்டலாம்னு பாத்தேன்.

— இதே எடத்துல உக்கார வச்சு கண்ண மூடச் சொன்னீங்க. ஃபேன் சத்தம்தான் கப்பல் சத்தம், மூட்டையெல்லாம் பனிமலைன்னீங்க. புள்ளைங்களுக்கு மேப்புல காட்டற அன்டார்டிகாவ ஒரு நா நேர்ல பாக்கணும்னு அன்னைக்குத்தான் வாய் விட்டுச் சொன்னேன்.

— இப்ப மூடு கண்ண.

— மூடிட்டேன்.

— என்ன தெரியுது?

— வெள்ளையா இருக்குதுங்க... டிசம்பர்ல அங்க இருட்டே வராது. தண்ணி கருப்பா, அசையாமக் கெடக்குது. அக்கட்ட ஒரு பனிமலை வருது, தீர்த்தமலையில பாதி இருக்கும். உள்ளுக்குள்ள நீலமா இருக்குது. சத்தமே இல்லாம நம்மளத் தாண்டிப் போவுது.

— திமிங்கலம்?

— தூரத்துல மூச்சு விடுது. அதுக்கும் இப்படித்தான் பொகை வருது.

— ஆங்... அப்பறம்?

— அப்பறம் ஒண்ணுமில்லைங்க. பாத்துக்கிட்டே நிக்கறேன். பக்கத்துல யாரு நிக்கறாங்கன்னு நீங்க சொல்லுங்க.

— பானுமதி டீச்சரு. ரிட்டயர் ஆவற வரைக்கும் உங்கூட வேலை செஞ்சவங்க, அவங்கதான இப்ப என் சீட்டுல வர்றாங்க?

— கண்ணத் தொறந்துட்டேன். ஏங்க, கடசியா ஒருக்கா கேக்கறேன். மொரப்பூர்ல ரயிலேற இன்னும் எட்டு நாளு இருக்குது. நீங்க வர்றதா இருந்தா...

— ஆரம்பிச்சிட்டியா? நான் போயிட்டா மிசின யாரு பாக்கறது?

— உங்ககூட மிசினு பாக்கற குரு பாத்துக்குவாரு. போன வருசம் உங்களுக்கு டைபாய்டு வந்தப்ப இருவது நாளு அவருதான பாத்தாரு?

— எனக்கு ஆச இல்லன்னு சொல்றேன்ல? முப்பது வருசம் குளுர்லயே கெடந்தவனுக்கு இன்னும் குளுரு எதுக்கு?

— ஆச இல்லாதவரு எதுக்குங்க பாஸ்போர்ட்டு எடுத்தீங்க? விசாவுக்குப் பம்பாய் வரைக்கும் எங்கூட எதுக்கு வந்தீங்க? விசாவும் வந்துருச்சு. அந்த வீடியோ மீட்டிங்குக்கு அப்பறந்தான வேண்டாம்னுட்டீங்க?

— அத விடு.

— விடமாட்டேன். கப்பல்காரங்க ஒவ்வொருத்தரா பேரு சொல்லச் சொன்னாங்க. வேற என்ன கேட்டாங்க?

— ஏன் வர்றீங்கன்னு கேட்டாங்கல்ல? ஒருத்தன் டாக்டருங்கறான், ஒருத்தன் விஞ்ஞானிங்கறான், இங்கிலீசு அருவியாட்டம் கொட்டுது. எம் முறை வந்தப்ப எம் பேரே எனக்கு வரல. பத்தாவது பெயிலு நான், வாணி. பத்து நாளு அவங்க மேசையில உக்காந்து, முள்ளுக் கரண்டிய வச்சுக்கிட்டு நான் முழிப்பேன். அதப் பாத்து உனக்குத்தான் தலகுனிவு. நீ சந்தோசமா போயிட்டு வா. எனக்கு அது போதும்.

— எனக்குத் தலகுனிவா? நான் எப்பங்க அப்படிச் சொன்னேன்?

— நீ சொல்லமாட்ட. அதனாலதான் பயமா இருக்குது. ஏழாவது என்னன்னு படி.

— சரி... கேட்டுக்கங்க. பையி, பாக்கெட்டு, பூட்ஸ் அடி, எல்லாத்தையும் சுத்தம் பண்ணிக்கிட்டு வரணுமாம். வெளியூரு வெத ஒண்ணுகூட அந்தக் கரையில விழக் கூடாதாம். கப்பல்ல மிசினு வச்சு உறிஞ்சிப் பாப்பாங்களாம்.

— பாக்கெட்டுமா?

— ஏன் இப்படி முழிக்கறீங்க? புதுக் கோட்டு, இதுல என்ன இருக்கப் போவுது?

— வூட்டுல போயி பாத்துக்கலாம், வா. குளுருது.

— உங்களுக்கா குளுருது? இருங்க... உள் பாக்கெட்டுல என்னமோ நெருடுது. ஒண்ணு... ரெண்டு... மூணு. புளியங்கொட்டைங்க இது!

— மூட்டையில இருந்து விழுந்திருக்கும்.

— மூட்டையில வறுத்த கொட்டையா இருக்குது? அதுவும் ஜிப்பு போட்ட பாக்கெட்டுக்குள்ள விழுந்துச்சா? பீடிய விட்டதுல இருந்து வறுத்த புளியங்கொட்டையக் கன்னத்துல ஒதுக்கிட்டுத் திரியறது இந்த குடோன்ல யாருங்க?

— மிசினு சத்தம் மாறுதாட்டம் இருக்குது. பாத்துட்டு வந்துடறேன்.

— உக்காருங்க. மிசினு நல்லாத்தான் ஓடுது. பார்சல் வந்த அன்னைக்கே குளுரு தாங்குதான்னு பாக்கறேன்னு கோட்ட இங்க தூக்கிட்டு வந்தீங்க. பத்து நாளா இத வச்சுக்கிட்டு என்ன பண்ணுனீங்க?

— சோத்து நேரத்துல... ஒரு பத்து நிமிசம் போட்டுக்குவேன். இதே மூட்டை மேல உக்காந்து கண்ண மூடிக்குவேன். அப்பறம்... சிரிக்கக் கூடாது.

— சிரிக்கல. சொல்லுங்க.

— மை நேம் இஸ் நவநீதன். ஐ ஆம் கோல்டு ஸ்டோரேஜ் ஆப்பரேட்டர். மூட்டைங்ககிட்ட சொல்லிப் பாப்பேன். அதுங்க திருப்பி எதுவும் கேக்காது பாரு... வாணி? என்னத்துக்கு அழுவற? கோட்டக் கெடுத்துட்டேனா? நல்லாத் தொடச்சுத் தர்றேன்டி.

— போட்டுப் பாத்தீங்கல்ல, கோட்டுக் கை எப்படிங்க இருந்துச்சு உங்களுக்கு?

— அளவெடுத்துத் தச்ச மாதிரி இருந்துச்சு. அதான் சொன்னேன், கடைக்காரன் உன்ன ஏமாத்திட்டான்னு.

— என் கோட்டு வூட்டுல பீரோவுக்குள்ள இருக்குதுங்க.

— அப்ப இது... பானுமதி டீச்சரோடதா?

— பானுவுக்கு பாஸ்போர்ட்டே கெடையாதுங்க.