நான் போட்ட விரிசல்

இந்த விரிசல் என்னோடது இன்ஜினியர் சார். பயப்படாம நில்லுங்க. பால்கனி விழுந்ததுலேர்ந்து எல்லாரும் இந்த வீட்டுச் சுவத்தைப் பாத்தாலே ஓடறாங்க. நகத்தை வச்சுப் பாருங்க, இறங்குதா? வெறும் பெயின்ட். சாக்பீஸைக் குடுங்க, வட்டம் போட்டுடறேன். படிக்கட்டு ஓரமா போறதும் நான் போட்டதுதான். அந்த ஜன்னல் மேல இருக்கறது மட்டும் வீட்டோடது, எழுதிக்குங்க.

எதுக்கு இந்த வேலைன்னு கேட்டா என்னத்தைச் சொல்றது. எனக்கே முதல்ல சிரிப்புதான் வந்துச்சு. முதலாளி இந்த வீட்டை வாங்கி லாட்ஜ் ஆக்கினப்ப பளிச்சுனு வெள்ளையடிச்சு வச்சாரு. கடல் பாக்க வர்ற டூரிஸ்ட் ஒருத்தன் திரும்பிப் பாக்கல. எதிர்ல இடிஞ்சு கெடக்கே பழைய கிடங்கு, அது முன்னாடி நின்னு போட்டோ எடுத்துட்டுப் போயிட்டே இருந்தாங்க. மனுஷனுக்கு வயிறு எரிஞ்சிருச்சு. என்னைக் கூப்பிட்டு, இருநூறு வருஷத்து வீடு, பாத்தா அப்படித் தெரிய வேணாமாய்யான்னாரு.

டீத்தூளைக் கொதிக்க வச்ச தண்ணி, கரித்தூள், மெல்லிசா ஒரு பிரஷ். சாமான் அவ்வளவுதான். ஆனா விரிசல் போடறது லேசுப்பட்ட காரியம் இல்ல சார். நேரா இழுத்தா பொய்னு காட்டிக் குடுத்துரும். தயங்கித் தயங்கிப் போகணும், போற வழியில ரெண்டா பிரியணும். ஒரு டூரிஸ்ட் அம்மா இந்தா இதைத் தடவிப் பாத்துக் கண் கலங்கிட்டாங்க. அன்னிக்கு எனக்குத் தலைகால் புரியல.

அவளுக்கு இங்க ரூம் கூட்டற வேலை வாங்கிக் குடுத்ததும் நான்தான். ஆமா, பால்கனியோட விழுந்தவதான். என் மச்சினி, சம்சாரத்தோட தங்கச்சி. எனக்குக் கல்யாணம் ஆனப்ப மூணாங்கிளாஸ் படிச்சுட்டிருந்தா. இடுப்பெலும்பு போயிருச்சு. திரும்ப நடப்பாளான்னு கேட்டா டாக்டர் பிடி குடுத்துப் பேச மாட்டேங்கறாரு.

முதலாளி உங்ககிட்ட என்ன எழுதிக் குடுத்திருக்காருன்னு எனக்குத் தெரியும். தெனம் அந்தப் பால்கனியைக் கூட்டினவ, விரிசலைப் பாத்தும் யார்கிட்டயும் சொல்லல, எல்லாம் அவ அஜாக்கிரதைன்னு. அவளைக் கேட்டா வாயே தொறக்கல, இல்லையா? தொறக்க மாட்டா. அவங்க அக்காகிட்டகூடச் சொல்லல. நான் போய் நின்னா, சாப்ட்டீங்களா மாமான்னு கேக்கறா. என்னால அங்க அஞ்சு நிமிஷம் நிக்க முடியல சார்.

இல்ல, பால்கனிக்கு வட்டம் வேணாம். அங்க நான் பிரஷ்ஷே வச்சதில்ல. மூணு ரூம், படிக்கட்டு, அதோட என் வேலை முடிஞ்சுது. உள்ள இரும்பு துருப்பிடிச்சு வெடிச்சிருக்கு, அதை நீங்களே கண்டுபிடிச்சிருவீங்க.

இதை மட்டும் மறக்காம எழுதிக்குங்க. அவ சொன்னா. விழறதுக்கு நாலு நாள் முன்னாடி மத்தியானம் எனக்குப் போன் பண்ணினா. மாமா, பால்கனில ஒண்ணு இருக்கே, நெசம் மாதிரியே இருக்கு, நீங்க போட்டதான்னு கேட்டா. நெசம் மாதிரியே இருக்குன்னுட்டா சார். அதுக்கப்புறம் இல்லேன்னு சொல்ல எனக்கு மனசு வரல. என்னோடதுதான், ஈரத்துணி போட்டுத் தொடைச்சு அழிச்சிடாதேன்னேன்.