ஏழாம் எண்ணிடம் நான் பேசியது பற்றி

பெயர், தகப்பனார் பெயர், முகவரி ஆகியவை தனித் தாளில் கொடுத்துள்ளபடி. வயது இருபத்தொன்று. கால்நடை மருத்துவக் கல்லூரியில் நான்காம் ஆண்டு படிக்கிறேன். வெளியே நிற்பவர் என் அண்ணன். கேட்டதற்கு மட்டும் பதில் சொல், வளவளவென்று பேசாதே என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். முயற்சி செய்கிறேன்.

சென்ற ஆண்டு கல்லூரி விடுமுறையில், தாயை இழந்த சிறுத்தைக் குட்டிகளை வளர்த்துக் காட்டில் திருப்பி விடும் மையத்தில் எட்டு வாரப் பயிற்சிக்குச் சேர்ந்தேன். மையத்தை நடத்தும் மருத்துவரை டாக்டரம்மா என்போம். முதல் நாளே அவர் விதிகளைச் சொன்னார். குட்டிக்குப் பெயர் வைக்கக் கூடாது, எண் மட்டும்தான். உடம்பு முழுவதையும் மூடும் அங்கியும் முகமூடியும் போட்டுக்கொண்டு, இறைச்சியைத் தகரக் கதவின் அடித் திறப்பு வழியாகத் தள்ளிவிட்டு வந்துவிட வேண்டும். கூண்டுப் பக்கம் வாயே திறக்கக் கூடாது. மனிதக் குரல் பழகிவிட்டால் பிறகு அது மனிதர்களைத் தேடி வரும் என்றார். புரிந்தது என்று கையெழுத்துப் போட்டேன்.

எனக்கு ஒதுக்கியது ஏழாம் எண், ஐந்து மாத ஆண் குட்டி. தாய் லாரியில் அடிபட்டுச் செத்த இடத்திலிருந்து தூக்கி வந்தது. வந்து நான்கு நாளாகச் சாப்பிடவில்லை. ஐந்தாம் நாள் காலை எழுந்து நிற்கவே தள்ளாடியது. அதன் பிறகு நடந்தது என்னவென்றால், நான் திறப்பருகே குனிந்து, "ஒரே ஒரு வாய், தங்கம்" என்று சொல்லிவிட்டேன். யோசித்துச் சொல்லவில்லை. அக்கா தன் பிள்ளைக்கு ஊட்டும்போது சொல்வது, அப்படியே வந்துவிட்டது. குட்டி காதைத் திருப்பியது. பிறகு நகர்ந்து வந்து சாப்பிட்டது. எனக்கு அழுகை வந்து, முகமூடிக்குள் மூக்கைத் துடைக்க முடியாமல் திண்டாடினேன்.

மறுநாள் பேசாமல் வைத்துப் பார்த்தேன், தொடவில்லை. சொன்னேன், சாப்பிட்டது. அதன் பிறகு தினமும் சொன்னேன். எத்தனை நாள் என்று வனத்துறை அதிகாரி கேட்கிறார். முப்பது இருக்கலாம், நாற்பதும் இருக்கலாம். கடைசி வாரங்களில் சொல்லாமலே சாப்பிட்டிருக்குமா என்றால் தெரியாது. சோதித்துப் பார்க்கவில்லை. சொல்வது எனக்குப் பிடித்திருந்தது. எடை ஏறியதைப் பார்த்து டாக்டரம்மா என்னைக் கைராசிக்காரி என்றார், நான் சிரித்து மழுப்பினேன். கூண்டில் வைத்திருந்த கேமராவில் படம் மட்டும்தான் பதிவாகும், ஒலி பதிவாகாது. ஆகவே நான் பேசியது வேறு யாருக்கும் தெரியாது.

இரண்டு மாதம் முன்பு ஏழாம் எண்ணைக் காட்டில் விட்டார்கள். அதன் பிறகு சென்ற திங்கட்கிழமை காலை பத்து மணியளவில் அது ஒரு தச்சர் வீட்டு முற்றத்துக்கு வந்திருக்கிறது. தச்சரின் மனைவி இன்று வெளியே பெஞ்சில் என் பக்கத்தில்தான் இருந்தார். "புள்ளைக்கு ஊட்டிட்டு இருந்தேம்மா. ஒரே ஒரு வாய்டா தங்கம்னு கெஞ்சிட்டே திரும்பினா, மரத்தூள் மேல படுத்துட்டு என் வாயையே பாத்துட்டு இருக்கு. பாயல, உறுமல. எவ்வளவு நேரமா இருந்துச்சோ" என்றார். குழந்தைக்கு இரண்டு வயது. இடையில் நான்கடி தூரம். அதன் பிறகு தச்சர் உளியோடு ஓடி வர, அது மிரண்டு அவர் தோளைக் கிழித்துவிட்டது. பதினான்கு தையல். பிறகு மயக்க ஊசி போட்டுப் பிடித்து, கழுத்துப் பட்டையை வைத்து ஏழாம் எண் என்று கண்டிருக்கிறார்கள்.

அவர் சொன்னதும் நான் சொன்னதும் ஒரே சொல்தான். ஆனால் அவர் குரல் வேறு, என் குரல் வேறு. பசிக்கு வந்ததா, சாப்பாட்டு வாசனைக்கு வந்ததா, அந்தச் சொல்லுக்கு வந்ததா என்று எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. அன்று நான் பேசாமல் இருந்திருந்தால் அது செத்திருக்குமா என்பதும் தெரியவில்லை.

நேற்று டாக்டரம்மா போனில் பேசினார். திட்டவில்லை. "பேசினியான்னு நான் கேக்கல. பேசலன்னு மட்டும் சொல்லிடு. பசியில வந்துச்சுன்னு எழுதிக்குவாங்க, இன்னும் தள்ளி வேற காட்டுல விட்டுடலாம். பேசினேன்னு நீ சொன்னா அதுக்கு ஆயுசுக்கும் கூண்டுதான்" என்றார். அழுதார் என்று நினைக்கிறேன்.

அதனால் இன்று காலை, நான் ஒருபோதும் பேசவில்லை என்று சொன்னேன். அது ஒரு பக்கம் எழுதப்பட்டது. அதன் பிறகு தண்ணீர் குடிக்க வெளியே போனபோது தச்சரின் மனைவி என்னைக் கேட்டார்: "நீ படிச்ச புள்ள, சொல்லு. அதை எங்கயாவது தூரமா விட்டுட்டா வராதுல்ல?" எவ்வளவு தூரத்தில் விட்டாலும் அங்கேயும் யாராவது குழந்தைக்கு ஊட்டிக்கொண்டுதான் இருப்பார்கள் என்று தோன்றியது. உள்ளே வந்து, எழுதிய பக்கத்தை அடித்துவிடக் கேட்டேன். மேலே உள்ளதை அதன் பிறகு சொன்னேன்.

இதனால் ஏழாம் எண் இனி ஒருநாளும் வெளியே விடப்பட மாட்டான் என்று தெரிந்தே சொல்கிறேன். நான் செய்தது சரியா என்று எனக்குத் தெரியவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளக் கேட்டேன். அதெல்லாம் வாக்குமூலத்தில் வராதும்மா என்றார் அதிகாரி. பிறகு எழுதிக்கொண்டார்.

படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, சொன்னது அத்தனையும் உண்மை.

(ஒப்பம்)