வீட்டில் நூற்று இருபத்தாறு

– பிரஷர் நூத்தி எழுபத்தெட்டு. டிரைவரய்யா, இப்படி இருந்தா டாக்டர் கையெழுத்துப் போடமாட்டாரு.

– நர்ஸம்மா, நெசமாச் சொல்லுதேன், காலைல வீட்ல நூத்தி இருபத்தாறு. இந்தா பாருங்க நோட்டு. எம்மவ தேன்மொழி கோயம்புத்தூர்லருந்து மிஷின் வாங்கி அனுப்பிருக்கா. பதினஞ்சு நாளா எழுதுதேன்.

– நோட்டு நல்லாத்தான் இருக்கு, தாணுமாலையன்னு பேரெல்லாம் போட்டு. ஆனா இங்க பாக்கதத்தான் டாக்டர் நம்புவாரு.

– நாளைக்குள்ள சர்ட்டிபிகேட் குடுக்கலன்னா பத்தமடை பஸ்ல வேற ஆளப் போட்டுருவாங்க. இருபத்திரெண்டு வருசம் ஓட்டுதேன், நெசமா, ஒரு கோழியக்கூட இடிச்சதில்ல.

– பேசாதிய, பேசினாலே ஏறும். வரும்போது காப்பி குடிச்சியளா?

– தண்ணிதான்.

– படியில ஓடி வந்தியளா?

– பைய ஏறி, பெஞ்சுல பத்து நிமிசம் உக்காந்துட்டுத்தான் வாரேன்.

– ஒண்ணுக்குப் போயாச்சா? அடக்கிக்கிட்டு இருந்தாலும் கூடும்.

– ஐயோ நர்ஸம்மா. போயாச்சு.

– வெக்கப்படாம முதுகச் சாய்ங்க. கால் ரெண்டும் தரையில ஒழுங்கா இருக்கணும். கைய மேசை மேல வைங்க. வாயத் தொறக்கப்படாது… நூத்தி எண்பத்திரெண்டு. கூடிட்டுல்லா போகுது.

– போன வாரம் மிஷின வண்டிக்கே கொண்டு போனேன். சேரன்மாதேவி ரயில்வே கேட்ல மாட்டிக்கிட்டு நிக்கேன், பின்னால எல்லாவனும் ஆரன் அடிக்கான். அப்பவும் நூத்தி முப்பதுதான்.

– அப்போ உங்க மிஷின்தான் கோளாறு.

– இந்தா, பைலதான் இருக்கு. உங்க கைல கட்டிப் பாருங்க.

– எனக்கு என்னைக்கும் நூத்திப் பத்துதான். கட்டுங்க… இல்ல, நானே கட்டிக்கிடுதேன். நீங்க கொஞ்சம் தள்ளி உக்காருங்க.

– நூத்தி அம்பத்திரெண்டுன்னு காட்டுது. உங்களுக்கும் பிரஷரா நர்ஸம்மா?

– நான் சொல்லலியா, மிஷின் சரியில்லன்னு?

– அப்படின்னா இங்க உள்ள மிஷினும் சரியில்ல. வியாழக்கிழமை நீங்க லீவு. இதே மிஷின்ல, இதே நாற்காலில அந்த இன்னொரு நர்ஸு இசக்கித்தாய் பாத்தா. நூத்தி இருபத்திநாலு.

– வியாழக்கிழமை வந்தியளா? சீட்டு எழுதித் தந்தாளா?

– தந்தா. சட்டைப் பைலதான் கெடக்கு.

– அத டாக்டர்கிட்ட நீட்டியிருந்தா அன்னைக்கே கையெழுத்துப் போட்டிருப்பாருல்லா?

– போட்டிருப்பாரு.

– பொறவு ஏன் காட்டல?

– காட்டியிருந்தா இன்னைக்கு இங்கன வர எனக்கு என்ன சாக்கு இருக்கு?

– வண்டி போயிருமேன்னு பயமில்லையா?

– ராத்திரி உறக்கமே இல்ல. ஆனா காலைல எந்திரிச்சதும் சட்டைக்கு இஸ்திரி போட்டுட்டு இங்கதான் வந்து நிக்கேன். தேன்மொழி போன்ல கேக்கா: எப்பா, அம்மா போயி எட்டு வருசமா சிரிக்காத ஆளு, ஆஸ்பத்திரிப் பேச்செடுத்தா மட்டும் ஏன் சிரிக்கியன்னு.

– நீங்க என்ன சொன்னிய?

– இங்க பிரம்மநாயகின்னு ஒரு நர்ஸம்மா இருக்காங்க, ரொம்பத் திட்டுவாங்கன்னு சொன்னேன்.

– அந்தச் சீட்டக் குடுங்க. டாக்டர்கிட்ட நானே கையெழுத்து வாங்கித் தாரேன். இனிமே உங்களுக்கு நான் பாக்கமாட்டேன், இசக்கித்தாய்தான் பாப்பா.

– கோவிச்சுக்கிட்டியளா?

– கோவமெல்லாம் இல்ல. வீட்டு ஆளுக்கு நாங்களே பாத்து எழுதப்படாதுன்னு இங்க விதி.

– நான் எப்படி உங்க வீட்டு ஆளு?

– ஞாயித்துக்கெழமை எங்க அண்ணன் வீட்லதான் இருப்பான். வந்து அவன்கிட்ட கேளுங்க.